பச்சை வண்டியின் பிரேக்

பெங்களூர்
12 நவம்பர் 2023

ஏலே ஹெப்ரானு,

மொட்டையா ஆரம்பிக்கான் பாருன்னு சிவப்பு மையால சுழிக்காதே. வாத்தியார்த்தனத்தைப் பள்ளிக்கூடத்தோட வச்சிக்க. ஷார்ஜாவுக்குப் பதினாறு வருஷம் கழிச்சுப் பெரிய கும்பிடா போட்டுட்டேன். ஊருக்கு வருமுன்ன ரெண்டு மாசம் இங்கன தங்கி ஒரு வேலை பாக்கேன். வண்டி விஷயம்னா போன்ல பேசப்பிடாது, பேப்பர்லதான் எழுதணும்னு 2007-ல நாம போட்ட சட்டம் இன்னும் இருக்குல்லா? நீ உன் பழைய காரு டப்பாவோட மூணாவது கியரை விவரிச்சு முடிக்கதுக்குள்ள என் போன் கார்டு தீந்து போச்சே, அன்னைக்குப் போட்ட சட்டம். அதான் பேனாவை எடுத்திருக்கேன்.

மஞ்ச கலர்ல ஒரு ஜெர்மன் வண்டி வாங்கியிருக்கேன். 2016 மாடல், ரெண்டே சீட்டு. முன்பக்கம் அடிபட்டுக் கெடந்துச்சு, சல்லிசா தள்ளிவிட்டுட்டாங்க. நானே ஒவ்வொண்ணா மாட்டுதேன். முந்தாநாள் ஓட்டிப் பாத்தேன். எல மக்கா, பிஸ்மில்லா சொல்லி முடிக்கதுக்குள்ள நூறைத் தாண்டிட்டு. வளைவுல ஸ்டியரிங்கைத் திருக்கவே வேண்டாம், நினைச்சா போதும். சக்கரம் வழுக்கப் போகுதுன்னா நமக்கு முன்னால அதுக்குத் தெரியுது. எந்தச் சக்கரத்தைப் பிடிக்கணுமோ அதை மட்டும் பிடிச்சு நம்மளை ரோட்டுல நிப்பாட்டுது. நாம என்ன தப்புப் பண்ணினாலும் அது பாத்துக்கிடும். கிளச்சு கிடையாது, ரெண்டே பெடல். இடப்பக்கம் பிரேக்கு, வலப்பக்கம் ஆக்ஸிலேட்டர்.

உன் பச்சை டப்பா மாதிரியா? 1934-ல அதைச் செஞ்ச மகராசன் ஆக்ஸிலேட்டரைக் கொண்டுபோய் நடுவுல வச்சான், பிரேக்கைக் கொண்டுபோய் வலது ஓரத்துல வச்சான். 2005-ல நீ ஓட்டக் குடுத்தப்போ பிரேக்குன்னு நினைச்சு நடுப் பெடலை மிதிச்சு உங்க சர்ச்சு காம்பவுண்டை இடிக்கப் போனேன்லா. உங்க பாதிரி ஐயர் இன்னைக்கும் என்னையப் பாத்தா ஓரமா ஒதுங்குதாரு.

அதனால ஒரு பந்தயம். ஜனவரியில ஒரு காலை நேரம், கல்லிடைக்குறிச்சியில இருந்து மணிமுத்தாறு டேம் வரைக்கும். உன் வண்டியை நான் ஓட்டுதேன், என் வண்டியை நீ ஓட்டு. ஓட்டிட்டு எதுல சந்தோஷம் ஜாஸ்தின்னு ஒருத்தருக்கொருத்தர் எழுதணும். பொய் எழுதப்பிடாது. வீடியோ எடுக்க என் தம்பி ஷமீம் இப்பவே ஆயத்தம். செல்போன் கடை வச்சிருக்கான்னுதான் பேரு, அவனுக்கு வீடியோ கோட்டிதான் பெருசு.

உம்மா உன்னையக் கேட்டா. "நீ இல்லேன்னா அந்தப் பிள்ளைக்கு மேலப்பாளையத்துக்கு வழி மறந்துருமா"ன்னு சண்டை. ஒரு எட்டு போயிட்டு வா.

நாசர்

*

பாளையங்கோட்டை
21 நவம்பர் 2023

அன்புள்ள நாசருக்கு,

ஞாயிறு மதியம் ஆராதனை முடிந்து நேரே உம்மா வீட்டுக்குத்தான் போனேன். "மூணாவது மவன் வந்துட்டான், முட்டையை அவிங்க" என்று அடுக்களையைப் பார்த்து ஒரு சத்தம். சாப்பிட்டு எழுந்திருக்க விடவில்லை. என் வீட்டுக்காரி ஸ்வீட்லினுக்கும் ஒரு தூக்குச்சட்டியில் கொடுத்துவிட்டார்கள். ஷமீம் என் பச்சை வண்டியை நாலு பக்கமும் நின்று படம் எடுத்தான்.

சரி, வழக்குக்கு வருகிறேன். நீ எழுதியதை இரண்டு தரம் படித்தேன். நினைத்தால் திரும்புகிறது, வழுக்குவதற்கு முன்னால் பிடிக்கிறது, தப்பை அது பார்த்துக்கொள்கிறது. அப்படியானால் ஓட்டுவது யார்வே? நீயா, அதுவா? எழுதினவனுக்கும் எழுதாதவனுக்கும் பாஸ் போடுகிற பரீட்சையில் முதல் மார்க் வாங்கி என்ன பெருமை?

என் வண்டியில் நாற்பதில் போனால் நெஞ்சு நூற்றில் போகிறது. ரோட்டில் கிடக்கிற ஒவ்வொரு சரளையும் இடுப்புக்கு வந்து சேரும். இரண்டு தரம் கிளச்சை மிதித்து, நடுவில் ஒரு நொடி இன்ஜினைக் கூட்டி, சத்தம் ஒத்து வருகிறபோது கியரைத் தள்ள வேண்டும். தப்பினால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி பல்லைக் கடிக்கும். ஒத்து வந்தால் யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும். அந்த ஒரு நொடிக்காகத்தான் நாசர் நான் சனிக்கிழமை தோறும் வண்டியை வெளியே எடுக்கிறேன். தப்பு செய்தால் அது முகத்துக்கு நேரே சொல்லிவிடும். மறைக்கத் தெரியாத ஜென்மம். எனக்கு அப்படிப்பட்ட வண்டிதான் வேண்டும், அப்படிப்பட்ட மனுஷர்களும்.

நடுப் பெடலைக் குறை சொல்லாதே. நான் ஓட்டியிருக்கிற ஒரே கார் இதுதான். பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டர், மற்றபடி டவுன் பஸ். இருபத்திரண்டு வருஷமாக என் கால் அந்த மூன்று பெடலில்தான் பழகியிருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு போகும். உன் வண்டியில் ஏறுமுன் நாலு தரம் பைய ஓட்டிப் பழகிக்கொள்கிறேன், பயப்படாதே.

பந்தயத்துக்குச் சம்மதம். பொய் எழுதக்கூடாது என்பதற்கு இரட்டைச் சம்மதம்.

உன்
ஹெப்ரான்

*

மேலப்பாளையம்
14 மார்ச் 2024

ஹெப்ரான்,

ஷமீமுக்கு நாப்பதாம் நாள் ஃபாத்திஹா போன வாரம் முடிஞ்சுது. நீ வாசல் வரைக்கும் ரெண்டு தரம் வந்துட்டுத் திரும்பிப் போனியாம், எதுத்த வீட்டு நஸீமா சொன்னா. நான் உள்ளேதான் இருந்தேன். கோவத்துல வெளிய வராம இருந்தேன்னு நினைக்காதே. உன் மூஞ்சியில முழிக்க எனக்கு யோக்கியதை இல்ல. அதான் எழுதுதேன்.

உன்னைய பள்ளிக்கூடத்துல சஸ்பெண்ட் பண்ணிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். ஜாமீன்ல இருக்கியாம், வாரா வாரம் ஸ்டேஷன்ல போய்க் கையெழுத்துப் போடுதியாம். எல்லாம் என்னாலதாம்லே. உன்கிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் இந்த லெட்டர்.

யாருகிட்டயும் சொல்லாத ஒண்ணைச் சொல்லுதேன். பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மஞ்ச வண்டிக்குப் பிரேக் ஆயில் மாத்தினேன். நாலு சக்கரத்துலயும் ஒரு சின்ன நட்டு உண்டு, அதைத் தொறந்து உள்ள இருக்கற காத்தை எடுத்துட்டுத் திரும்ப இறுக்கணும். இல்லேன்னா மிதிக்க மிதிக்க ஆயில் ஒழுகி, ஒரு கட்டத்துல பெடல் தரைக்குப் போயிரும், பிரேக்கு பிடிக்காது. ஷார்ஜாவுல ஆயிரம் தரம் பண்ணின வேலை. மூணு சக்கரம் முடிச்சு நாலாவதுல, முன்பக்கம் இடது, கையை வைக்கும்போது மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லிட்டு. ஷமீம் வேற "நாசர் காக்கா, சீக்கிரம் வாங்க, நாளைக்கு எங்கன நிக்கணும்னு பாக்கணும்"னு பிடுங்குதான். தொறந்தது ஞாபகம் இருக்கு. காத்து எடுத்தது ஞாபகம் இருக்கு. இறுக்கினது ஞாபகம் இல்ல ஹெப்ரான். எத்தனை தரம் யோசிச்சாலும் அந்த இடத்துல ஒண்ணுமே இல்ல.

அன்னைக்குக் காலையில நீ நாலு தரம் போயிட்டு வந்தே. நாலு தரமும் அருமையா நிப்பாட்டினே. அஞ்சாவது தரம்தான் வீடியோவுக்கு. டேமுக்கு முன்னால அந்தக் கலுங்குப் பாலத்துக்கிட்ட ஷமீம் சுண்ணாம்புல ஒரு கோடு போட்டுட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். நீ கோட்டுல வந்து நிக்கணும். நான் உன் பச்சை வண்டியில ரொம்பப் பின்னால வந்துட்டிருந்தேன். அந்த இரைச்சல்ல எனக்கு வேற சத்தம் கேக்கல. நீ ஓட்டின மஞ்ச வண்டி கோட்டைத் தாண்டுனது தெரிஞ்சுது. பாலத்துச் சுவர்ல மோதி நின்னது தெரிஞ்சுது. அவன் நின்ன இடத்துல அவன் இல்ல.

பின்னால சிவப்புப் பிரேக்கு லைட்டு எரிஞ்சுதான்னு ராவும் பகலும் யோசிக்கேன். காலை வெயில் நேரே அந்தக் கண்ணாடியில அடிச்சுது. எரிஞ்ச மாதிரியும் இருக்கு, எரியாத மாதிரியும் இருக்கு.

ஆஸ்பத்திரியில வச்சு உன்கிட்ட "எந்தப் பெடலை மிதிச்சே"ன்னு சட்டையைப் பிடிச்சுக் கேட்டேன். "பிரேக்குதாம்லே, தரை வரைக்கும் போயிட்டு"ன்னே. அப்படிக் கேட்டதுக்கும் சேத்து மன்னிச்சிரு. உன்னையச் சந்தேகப்பட்ட நாக்கு அழுகிப் போகட்டும்.

உம்மாகிட்ட நட்டு விஷயத்தைச் சொல்லிட்டேன். சொல்லாம இருக்க முடியல. அவ ஏசல, அழல. "இன்னொரு திருக்குத் திருக்கியிருக்கலாமேலே"ன்னா. அம்புட்டுதான். அன்னையில இருந்து என் கையால தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேங்கா.

நாசர்

*

பாளையங்கோட்டை
2 ஏப்ரல் 2024

நாசர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. நாலு பதில் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

நீ என்னிடம் மன்னிப்புக் கேட்காதே. தயவுசெய்து கேட்காதே. அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நீ இறுக்கியிருப்பாய். உன் கை அப்படி விடாது. வக்கீல் எதையும் எழுதாதே, யாரிடமும் பேசாதே என்கிறார். வண்டி பழுது என்றுதான் வழக்கு போகிறதாம். அன்றைக்கு ஸ்டேஷனில் சொன்னதைத்தான் உனக்கும் சொல்கிறேன். மிதித்தேன். வண்டி நிற்கவில்லை.

உம்மாவிடம் நீ அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். விதி என்று சொல்லியிருக்கலாம். ஏன் நாசர் உன் தலையில் நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறாய்? அதைப் பற்றி இனி நினைக்காதே. நினைத்து என்ன ஆகப் போகிறது?

பச்சை வண்டியை எடுப்பதில்லை. தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன்.

ஹெப்ரான்

*

மேலப்பாளையம்
19 செப்டம்பர் 2024

ஹெப்ரான்,

நினைக்காதேன்னு சுலபமா எழுதிட்டே. மஞ்ச வண்டியைக் கோர்ட்டுல இருந்து விடுவிச்சுக் குடுத்துட்டாங்க. டெம்போவுல ஏத்திக் கொண்டுவந்து நம்ம பழைய தறிக் கூடத்துல இறக்கியிருக்கேன். பதினஞ்சு நாளா ஒவ்வொரு மரையாப் பிரிக்கேன். பிரேக்கு குழாய், பம்பு, டியூப்பு எல்லாத்தையும் ஒரு வெள்ளை வேட்டியில பரத்தி வச்சுப் பாக்கேன். மூணு சக்கரத்துல நட்டு கல்லு மாதிரி இறுகி இருக்கு. அந்த நாலாவது, முன்பக்கம் இடது, அது பாலத்துச் சுவர்ல மோதி நொறுங்கி, இரும்புத்தூளாத்தான் கிடைச்சுது. அதுதான் எனக்கு வேணும், அது மட்டும் இல்ல. அல்லா என்னைய வச்சு விளையாடுதானான்னு தோணுது. தவ்பா, இப்படி எழுதப்பிடாது.

எனக்குக் கோட்டி பிடிச்சிருக்குன்னு தெருவுல பேசுதாங்க. பொய்யில்ல. கேஸ் சிலிண்டரைப் பத்து தரம் திருக்குதேன். குழாயைத் திருக்கித் திருக்கி வாஷர் அறுந்து போச்சு. வேற வண்டி எதுலயும் ஸ்பேனரை வைக்கதில்ல. பைபாஸ்ல ஒர்க்‌ஷாப்பு போட இடம் பாத்து வச்சிருந்தேம்லா, வேண்டாம்னுட்டேன். இப்போ ஷமீமோட செல்போன் கடையில உக்காருதேன். கடை பூரா போன், என் கையில ஒண்ணு கிடையாது. போனைக் கையில எடுத்தாலே அவன் கோட்டுக்கு அந்தப் பக்கம் சிரிச்சுக்கிட்டு நின்னது வந்துருது.

உம்மாவுக்கு உடம்புல நீர் ஏறிப்போச்சு. காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. மாத்திரையை என் கையால வாங்க மாட்டா, தரையில வச்சா எடுத்துக்கிடுவா. நேத்து, "ஹெப்ரான் என்ன செய்யுதான்"னு கேட்டா. உன்னையத்தான் கேக்கா, என்னைய இல்ல. "பிரேக்கு இல்லாத வண்டியைக் குடுத்தா அந்தப் பிள்ளை என்ன செய்யும், பாவம்"னா.

ஷமீமோட போன் அவனோடயே நொறுங்கிப் போச்சு, வீடியோவும் இல்ல. இன்னும் ஒரே ஒரு வழி இருக்கு. இந்த வண்டிக்குள்ள ஏர்பேக்கை விரிக்கதுக்கு ஒரு சின்னப் பெட்டி உண்டு. மோதுறதுக்கு முன்னால அஞ்சு செகண்டு என்ன நடந்துச்சுன்னு அதுல பதிஞ்சிருக்கும். வேகம் என்ன, பிரேக்குல கால் இருந்துச்சா, ஆக்ஸிலேட்டர்ல இருந்துச்சா, எல்லாம். கால் பிரேக்குல இருந்தும் வேகம் குறையலேன்னா நட்டுதான் காரணம். அதைப் படிக்கற மெஷின் ஷார்ஜாவுல என்கூட வேலை பாத்த சிராஜுதீன்கிட்ட இருக்கு. லீவு முடிஞ்சு போற ஆள் கையில குடுத்துவிடப் போறேன்.

தெரிஞ்சா என்ன ஆகும்னு கேக்காதே. தெரியணும். அவ்வளவுதான். கொன்னது நான்தான்னு உறுதியாத் தெரிஞ்சாக்கூடத் தூக்கம் வந்துரும்னு நினைக்கேன்.

நாசர்

*

பாளையங்கோட்டை
27 செப்டம்பர் 2024

நாசர்,

அந்தப் பெட்டியை அனுப்பாதே. அனுப்பியிருந்தால் திரும்பக் கேட்டு வாங்கு. மெஷின் சொல்லுவதெல்லாம் உண்மை என்று எப்படி நம்புவது?

உம்மாவைப் பார்க்க வரட்டுமா? உம்மாவிடம் தனியாகக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. நீ வா என்றால் நாளைக்கே வருகிறேன்.

ஹெப்ரான்

*

மேலப்பாளையம்
20 ஜனவரி 2025

ஹெப்ரான்,

வான்னு எழுதாமப் போனேன். உன்னையப் பாத்தா உம்மாவுக்கு ஷமீம் ஞாபகம் வந்து இன்னும் ஒடைஞ்சு போவாளோன்னு பயந்துட்டேன். இப்போ அதுவும் வெசனமா இருக்கு. நீயாவது வந்து பக்கத்துல உக்காந்திருப்பே.

பதினொண்ணாம் தேதி சுப்ஹு தொழுகைக்குப் பொறவு உம்மா மௌத்தாயிட்டா. நீ வந்தே. சந்தூக்கைத் தூக்கிட்டுப் போகும்போது பள்ளிவாசல் வளைவுல நாலு எட்டு நீயும் தோள் குடுத்தே. என் பக்கத்துலதான் நின்னே. ஏதோ சொல்ல வாயைத் தொறந்தே, சொல்லல. நானும் கேக்கல. அன்னைக்குக் கேக்கற நெலையில நான் இல்ல.

கடைசி மூணு நாள் பேச்சு கொழறிப் போச்சு. தண்ணி விடணும்ல, பிள்ளைங்க கையால. ஸ்பூனைக் கொண்டுபோனேன். வாயை இறுக்க மூடிக்கிட்டா. கண்ணு மட்டும் என்னையப் பாத்துச்சு. நஸீமா வந்து ஊட்டினப்போ குடிச்சா. பெத்த மவன் ஒருத்தன் மண்ணுக்குள்ள, இன்னொருத்தன் ஸ்பூனைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல. இப்படி ஒரு சாவு எந்த எதிரிக்கும் வரப்பிடாதுலே.

வெறுத்துட்டுப் போகல ஹெப்ரான். அதுதான் எனக்குத் தாங்க முடியல. வெள்ளிக்கிழமை ராத்திரி என் தலையில கையை வச்சா. வச்சுட்டு அதே வார்த்தையைத்தான் சொன்னா. இன்னொரு திருக்கு.

சிராஜுதீன்கிட்ட இருந்து இன்னும் ஒண்ணும் வரல. இனி வந்து யாருக்குக் காட்ட?

நாசர்

*

பாளையங்கோட்டை
2 பிப்ரவரி 2025

நாசர்,

நீ இறுக்கியிருந்தாய்.

இதை முதல் வரியாக எழுத எனக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கிறது. அந்த நட்டை நீ இறுக்கித்தான் வைத்திருந்தாய். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. பிரேக்கை நான் தொடவே இல்லை.

முழுதும் சொல்லிவிடுகிறேன், இடையில் நிறுத்தாமல் படி. காலையில் நாலு தரமும் ஒவ்வொரு பெடலையும் மனதுக்குள் சொல்லிச் சொல்லித்தான் ஓட்டினேன். இடது பிரேக், வலது வேகம். இடது பிரேக், வலது வேகம். வாய்ப்பாடு மாதிரி. அப்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை, பயம்தான். ஐந்தாவது தரம் கல்லிடைக்குறிச்சி தாண்டி வாய்க்கால் ஓரம் அந்த நீளமான ரோடு வந்தது. வயல் பச்சை, முன்னால் மலை, ரோட்டில் ஒரு ஆடு கூட இல்லை. காலைக் கொஞ்சம் அழுத்தினேன். நாசர், அது பறந்தது. வளைவில் நீ எழுதியபடியே, நினைத்தேன், திரும்பியது. நான் சத்தமாகச் சிரித்தேன். தனியாக உட்கார்ந்து, நாற்பத்திரண்டு வயதில், கெக்கெக்கென்று சிரித்தேன். என் வாழ்நாளில் வண்டி ஓட்டி அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. பச்சை வண்டி தந்ததில்லை. நீ கேட்ட தீர்ப்பு அதுதான். உன் வண்டிதான் ஜெயித்தது.

அந்தச் சந்தோஷத்தில் வாய்ப்பாடு நின்றுவிட்டது. கோடு தெரிந்தது, ஷமீம் தெரிந்தான். நிறுத்த வேண்டும் என்று நினைத்தேன். கால் தானாகப் போயிற்று, இருபத்திரண்டு வருஷமாகப் போகிற இடத்துக்கு. வலது ஓரத்துக்கு. பச்சை வண்டியில் பிரேக் இருக்கிற இடத்துக்கு. வண்டி நிற்காமல் பாய்ந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? பிரேக் போதவில்லை என்று நினைத்து இன்னும் பலமாக மிதித்தேன். தரை வரைக்கும் போனது என்று சொன்னேனே, அது பொய் இல்லை. பெடல்தான் வேறு.

எந்தத் தப்பையும் அது பார்த்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தாய். பார்த்துக்கொள்ளவில்லை. நான் கேட்டதைக் கொடுத்தது. நான் கேட்டது வேகம்.

சுவரில் மோதி, பலூன் விரிந்து, புகை அடங்கிக் கீழே குனிந்து பார்த்தபோது என் கால் அந்தப் பெடலில்தான் இருந்தது. அப்போதே தெரியும். ஆஸ்பத்திரியில் நீ சட்டையைப் பிடித்துக் கேட்டபோது தெரியும். பிரேக்தான் என்று வாய் சொல்லிவிட்டது. ஒரு நாள் கழித்துத் திருத்திவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் ஸ்டேஷன், வக்கீல், சஸ்பெண்ட், ஸ்வீட்லின் அழுகை. பிறகு உன் கடிதம் வந்தது, நீ மன்னிப்புக் கேட்டு. அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அவனே அவன் தலையில் ஏற்றுக்கொண்டானே, கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று. இப்படி நினைத்தவன் நான்தான், வேறு யாரும் இல்லை. ஜெபம் பண்ண முழங்கால் போட்டால் நட்டு நட்டு என்று உன் எழுத்துதான் கண்ணில் வரும். எழுந்துவிடுவேன். சர்ச்சுக்குப் போய் எட்டு மாதமாகிறது.

உம்மாவிடம் சொல்லத்தான் செப்டம்பரில் வரட்டுமா என்று கேட்டேன். நீ பதில் போடவில்லை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். மேலப்பாளையத்துக்கு இங்கிருந்து இருபது நிமிஷம். யாரைக் கேட்டு முன்னெல்லாம் வந்தேன்? சந்தூக்குக்குத் தோள் கொடுத்தபோது உன் காதருகே வாயைக் கொண்டுவந்தேன். வரவில்லை. உம்மாவின் எடை என் தோளில் இருந்தது, அப்போதும் வரவில்லை.

முகத்துக்கு நேரே தப்பைச் சொல்கிற வண்டிதான் பிடிக்கும் என்று எழுதினவன் நான். அந்தக் கடிதத்தை வைத்திருந்தால் கிழித்துப் போடு.

வரும் பதினேழாம் தேதி கோர்ட்டில் உள்ளதைச் சொல்லப் போகிறேன். வக்கீலை விட்டுவிட்டேன். உன்னிடம் எதுவும் கேட்க எனக்கு வாயில்லை. நீ இறுக்கியிருந்தாய் என்பது மட்டும் உனக்குத் தெரிந்தால் போதும்.

ஹெப்ரான்

*

மேலப்பாளையம்
15 பிப்ரவரி 2025

ஹெப்ரான்,

உன் லெட்டர் வந்த மூணாம் நாள் சிராஜுதீன் குடுத்துவிட்ட பேப்பர் வந்துச்சு. அஞ்சு வரி. கடைசி வரியில ஆக்ஸிலேட்டருக்கு நூத்துக்கு நூறு, பிரேக்குக்கு சைபர். அது வருமுன்னயே நீ எழுதிட்டே. அந்த மட்டுக்கு உனக்கு ஒரு இரக்கம் காட்டணும்னு மனசு சொல்லுது. தேடிப் பாக்கேன், கிடைக்க மாட்டேங்கு.

தப்பான பெடலை மிதிச்சதுக்கு உன்னைய ஒண்ணும் சொல்ல மாட்டேன்லே. சத்தியமா மாட்டேன். 2005-ல நானே அப்படி மிதிச்சவன்தானே, சுவரு கொஞ்சம் தள்ளி இருந்துச்சு, ஐயரு கொஞ்சம் வேகமா நடந்தாரு, அம்புட்டுதான். உன் கையில அந்த வண்டியைக் குடுத்தது நான். பந்தயம் வச்சது நான். ஷமீமை அங்கன நிக்க விட்டதும் நான். அன்னைக்கே ஆஸ்பத்திரியில "கால் மாறிப் போச்சுலே நாசரு"ன்னு சொல்லியிருந்தா உன்னையக் கட்டிப்பிடிச்சு அழுதிருப்பேன். ரெண்டு பேரும் சேந்தே உம்மாகிட்டப் போயிருப்போம். அவ உன்னைய ஏசுவா, மாரில அடிச்சுக்கிடுவா, அடுத்த பெருநாளைக்கு "அந்தப் பிள்ளையக் கூட்டிட்டு வா"ன்னு சொல்லுவா. உனக்கு அவளைத் தெரியாதா?

ஒரு வருஷம் ஹெப்ரான். நான் தரையில மாத்திரையை வச்சேன். ஒரு வருஷம் என் உம்மா என் கையால தண்ணி குடிக்கல. நீ அங்கன உக்காந்து "விதின்னு சொல்லியிருக்கலாம்"னு எனக்கு எழுதுதே. அந்த ஒரு வார்த்தையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியுது.

மஞ்ச வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டாச்சு. பச்சை வண்டியை நீ விக்காதே. உனக்கு நான் சொல்லுத ஒரே விஷயம் இதுதான். சனிக்கிழமை தோறும் தார்ப்பாயைத் தூக்கிட்டு ஏறி உக்காரு. அந்த வலது ஓரத்துப் பெடல்ல காலை வை. வச்சுட்டு இறங்கி வா.

நேத்து ஜும்ஆ முடிஞ்சு கபுருஸ்தானுக்குப் போனேன். உன் லெட்டரைச் சட்டைப் பையில வச்சிருந்தேன். உம்மாகிட்டப் படிச்சுக் காட்டிரணும்னுதான் போனேன். உம்மா கபுரு மண்ணு இன்னும் அமுங்கல. ஸலாம் சொல்லிட்டு, துஆ ஓதிட்டு, பைய ஆரம்பிச்சேன். "உம்மா, நான் அந்த நட்டை இறுக்கித்தான் வச்சிருந்தேன்"னேன். சொல்லும்போதே நெஞ்சு லேசாச்சு, பொய் சொல்ல மாட்டேன். பொறவு லெட்டரைப் பிரிச்சேன், வாசிக்கல. "அப்போ பின்ன யாருலே"ன்னு கேப்பாள்லா. மூணு மவன்ல ஒருத்தன் செத்தான். மிச்ச ரெண்டு பேருல ஒருத்தனை நம்பிக்கிட்டுத்தான் கண்ணை மூடினா, அது நான் இல்ல, நீ. அந்த நம்பிக்கையையும் பிடுங்கிட்டு அவளை மண்ணுக்குள்ள தனியா விட்டுட்டு வர எனக்குத் தைரியம் வரல.

லெட்டரை மடிச்சு வச்சுக்கிட்டுத் திரும்பிட்டேன். கோர்ட்டுல நீ என்னமும் சொல்லிக்க. உம்மாவைப் பொறுத்தவரைக்கும் நான் அந்த நட்டை இறுக்கல. அது அப்படியே இருக்கட்டும்.

இனி எனக்கு எழுதாதே.

நாசர்